மணலில் மடங்குது, பாலத்தில் ஆடுது: ராமநாதபுரம் கரையில் டர்ட் பைக் சஸ்பென்ஷன் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

ராமநாதபுரம் கரையோரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரே காலைப் பொழுதில் நாலைந்து விதமான தரை வந்துவிடும். உச்சிப்புளிப் பக்கம் பனங்காட்டுக்குள் பொதபொதவென்ற மணல் தடம். வாலிநோக்கம், மாரியூர் பக்கம் உப்பளத்தை ஒட்டிய இறுகிய களித்தரை. சாயல்குடிப் பக்கம் செம்மணல். உள்ளே திரும்பினால் சரளைப் பாதையும் கண்மாய்க் கரையும். இவற்றையெல்லாம் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தார் ரோடும் பக்கவாட்டுக் காற்றும். ஒரு தரைக்குப் பிரமாதமாக இருந்த செட்டிங் அடுத்த தரையில் கோளாறு போலத் தெரியும். அதனால் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது. எந்தத் தரையில், என்ன வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே சொல்வது மாற்றியமைத்த வண்டிகளுக்கு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு ராலி கிட் (கரடுமுரடான தடத்துக்கான நீளமான சஸ்பென்ஷன் பாகத் தொகுப்பு) போட்டவர்கள், பழைய ஹீரோ இம்பல்ஸுக்கு நீளமான பின் ஷாக் மாட்டியவர்கள், சாதாரண ரோடு பைக்கில் உயரமான ஃபோர்க் ஏற்றியவர்கள் எல்லோருக்கும் கோளாறின் வேர் ஒன்றுதான். சாதாரண எக்ஸ்பல்ஸ் 200-இல் கம்பெனி கொடுக்கும் அசைவு, அதாவது சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம், முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. ராலி கிட்டில் அது 250-ம் 220-ம் ஆகிறது. அசைவு கூடும்போது வண்டியின் உயரம், ஃபோர்க் சாய்வு, செயின் இறுக்கம், பிரேக் ஹோஸ் நீளம், ஸ்டாண்ட் எல்லாமே கூடவே மாறும். உதிரிப் பாகத்தை மாட்டிய கையோடு இவற்றைப் பார்க்காமல் விட்டால், அப்புறம் வரும் கோளாறுக்கெல்லாம் ஷாக் மீது பழி விழும்.

ஸ்க்ரூ திருப்புவதற்கு முன்: உப்பைத் தேடுங்கள்

இந்தக் கரையில் நான் எப்போதும் முதலில் சந்தேகப்படுவது செட்டிங்கை அல்ல, உப்பைத்தான். கடற்காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டியில் லிங்கேஜ் (பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கட்டைகள்) பேரிங்கும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை) பேரிங்கும் சத்தமில்லாமல் இறுகும். இறுகிய பேரிங் ஓட்டும்போது ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப விரிவது) கோளாறு மாதிரியே தெரியும். கிளிக்கரை (ஷாக்கின் வேகத்தை மாற்றும் ஸ்க்ரூ) எத்தனை திருப்பினாலும் மாற்றம் தெரியாது. எனவே கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

வண்டியை இன்ஜின் அடியில் கட்டை வைத்துத் தூக்கி, முன் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். லொட லொட என்று இருந்தால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விடுங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் அதன் குண்டுகள் ஓடும் வளையத்தில் (பால் ரேஸ்) குழி விழுந்துவிட்டது. அதை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இப்போது பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவு தெரிகிறதா? ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங். மேலே தூக்கினால் ஷாக் அசைவதற்கு முன்னாலேயே சக்கரம் கொஞ்சம் எழும்புகிறதா? லிங்கேஜ் தேய்ந்திருக்கிறது. முடிந்தால் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஸ்விங் ஆர்மைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தங்கு தடையில்லாமல் தன் எடையில் இறங்க வேண்டும். நடுவில் எங்கே நின்றாலும் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

ஃபோர்க் குழாயை விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். குரோமியத்தில் ஊசி முனை அளவு துரு இருந்தாலும் நகம் தட்டும். அந்தப் புள்ளி ஆயில் சீலை ஒவ்வொரு அசைவிலும் அறுத்துக்கொண்டே இருக்கும். ஆரம்ப நிலையில் 2000 நம்பர் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, குழாயைச் சுற்றிய வாக்கில் லேசாகத் தேய்த்தால் போதும். குரோமியம் செதிலாக உரிந்திருந்தால் குழாயை மாற்றும்வரை சீல் நிற்காது. ஃபோர்க்குக்கு ரப்பர் பூட் போட்டிருப்பவர்கள் அதற்குள் குழாய் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பூட்டுக்குள் போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கும். அவ்வப்போது மேலே ஏற்றி உள்ளே துடையுங்கள்.

வண்டியைக் கழுவுவதிலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கரையோர ஊர்களில் போர் தண்ணீரே பல இடத்தில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசியதாகிவிடும். மொத்த வண்டிக்கும் நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது என்றால், கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரை லிங்கேஜ், ஷாக் தண்டு, ஃபோர்க் குழாய் ஆகிய மூன்று இடத்துக்கு மட்டுமாவது ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த வேகமான பீச்சைப் பேரிங் சீல் மீது நேராக அடிக்க விடாதீர்கள். கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிரீஸும் சாதாரணமானது வேண்டாம். படகு இன்ஜின் உதிரிப் பாகம் விற்கும் கடையில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

உட்காரும் அளவு சரியா?

இதை அளக்காமல் கிளிக்கரைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. நீங்கள் ஏறி நிற்கும்போது வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கணக்கு. மெக்கானிக்குகள் சாக் (sag) என்று சொல்வது இதையே.

பின் சக்கரம் தொங்கும்போது ஆக்சிலில் இருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டிலோ பக்கத் தகட்டிலோ ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல், அதே தூரத்தை அளங்கள். கடைசியாக ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் நீங்கள் ஃபுட்பெக்கில் ஏறி நிற்க, இன்னொருவர் அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வண்டியை நன்றாக அமுக்கி விட்டு அளங்கள்.

முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவது ஆளோடு உட்காரும் அளவு, இரண்டாவதைக் கழித்தால் வருவது ஆள் இல்லாமல் உட்காரும் அளவு. ஆளோடு உட்காரும் அளவு, மொத்த அசைவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 220 மி.மீ. அசைவுள்ள பின் ஷாக்குக்கு 66 முதல் 72 மி.மீ. நல்ல தொடக்கம். முன்னால் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். இந்த அளவு வரும்வரை ஷாக்கின் மேல் உள்ள ப்ரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைப்பது) திருப்புங்கள்.

ஆள் இல்லாமல் உட்காரும் அளவு வேறொரு உண்மையைச் சொல்லும். ஆளோடு அளவைச் சரியாக்கிய பிறகு, ஆள் இல்லாமல் வண்டி 20 முதல் 30 மி.மீ. உட்கார வேண்டும். துளிகூட உட்காராமல் முழுதாக எழும்பி நின்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. ப்ரீலோட்டைப் போட்டு நெருக்கி வைத்திருக்கிறீர்கள். 45, 50 என்று போனால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அதிக விறைப்பு. ராலி கிட் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். ஒல்லியான ஆள் அதை வாங்கிப் போட்டு, "தரை எல்லாம் கையில் தெரியுது" என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே மாற்ற வேண்டியது ஸ்பிரிங். எந்தக் கிளிக்கரும் அதை ஈடுகட்டாது.

பின்னால் கேரியர் போட்டு ஐஸ் பெட்டியோ மீன் கூடையோ கட்டுகிறவர்கள் அந்தப் பாரத்தோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை அளந்து, வளையம் எத்தனை சுற்று என்று இரண்டையும் குறித்து வையுங்கள்.

கிளிக்கர் உள்ள வண்டியில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஸ்க்ரூவை வலப்பக்கம் மெதுவாக, தானாக நிற்கும்வரை திருப்பி, எத்தனை கிளிக் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் உள்ளே ஊசி முனை கெட்டுவிடும். வலப்பக்கம் போனால் தடுப்பு கூடும், இடப்பக்கம் வந்தால் குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் அளவுக்கு மாற்றி, அதே தடத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அந்தத் தடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேண்டுகோள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல் மேட்டில் ஏற்றாதீர்கள். கரை மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருப்பவை அந்தக் கொடியும் புல்லுமே. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அலை தொடும் கோட்டுக்கு மேலே உள்ள மணலுக்குள் கூடு இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையும் வேண்டாம். ஈரக் கரையில் டயர் பதித்த பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் அறுக்கும். கடலை விட்டு உள்ளே, பனங்காட்டு வண்டிப் பாதைகளில் சோதனைக்குப் போதுமான மணல் இருக்கிறது.

மணலில் முன் சக்கரம் புதைந்து ஹேண்டில் மடங்குகிறது

இந்த மாவட்டத்தில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். காற்றில் தொடங்குங்கள், அதாவது டயர் காற்றில். ரோட்டுக்கு வைத்த காற்றோடு மணலில் இறங்கினால் முன் சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு கீழேதான் போகும். எக்ஸ்பல்ஸ் எடையுள்ள வண்டிக்கு 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். அதற்கும் கீழே போவதென்றால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் கட்டை) கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ரிம்மில் வழுக்கி ட்யூபை இழுத்துக்கொண்டு போய் வால்வைப் பிய்த்துவிடும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் அது தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்றைக் காலை வெயில் ஏறுமுன் டயர் ஆறியிருக்கும்போது அளங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் அளந்த எண்ணை நம்ப முடியாது.

காற்றைக் குறைத்தும் மடங்கினால், முன்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் டீயின் (ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மட்டத்துக்கு மேலே ஃபோர்க் குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? 10, 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஹேண்டில் சுறுசுறுப்பாகத் திரும்பும், மணலில் நேராக நிற்காது. குழாயைக் கீழே இறக்கி மேல் மட்டத்தோடு சமமாக்குங்கள். ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும். இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நீளமான பின் ஷாக் மட்டும் மாட்டி, முன்னால் கம்பெனி ஃபோர்க்கையே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு உறுதி. கணக்கு இதுதான்: லிங்கேஜ் உள்ள வண்டியில் ஷாக்கின் நீளத்தை 10 மி.மீ. கூட்டினால் சக்கரத்தில் அது 25, 30 மி.மீ. ஆகப் பெருகும். 1410 மி.மீ. வீல்பேஸ் உள்ள எக்ஸ்பல்ஸில் பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால் ஃபோர்க் சாய்வு கிட்டத்தட்ட 1 டிகிரி செங்குத்தாகும். அந்த ஒரு டிகிரி மணலில் நன்றாகவே தெரியும். ஒன்று பின்னால் இறக்குங்கள், அல்லது முன்னாலும் அதே அளவுக்கு உயர்த்துங்கள். முன்னால் உயர்த்த ஃபோர்க்கின் உச்சியில் வைக்கும் எக்ஸ்டெண்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசைவு அதிகமாகாது, டீ பிடிக்கும் இடம் மட்டும் பலவீனமாகும்.

பின்பக்கம் மிகக் குறைவாக உட்கார்ந்தாலும் எடை முன்னே தள்ளும். மணலுக்கு மட்டும் பின் ப்ரீலோட்டைக் கொஞ்சம் தளர்த்தி 5 மி.மீ. கூடுதலாக உட்கார விடலாம். முன் கம்ப்ரஷனை (அமுங்குவதற்கான தடுப்பு) இரண்டு கிளிக் கூட்டினால், ஆக்சிலேட்டரை விட்டதும் முன்பக்கம் குனிவது குறையும்.

ஓட்டும் முறையையும் சொல்லியாக வேண்டும். மணலில் ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னே வந்து சக்கரம் புதையும். இடுப்பைப் பின்னே தள்ளி, முட்டியால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை விடாமல் பிடியுங்கள். ஹேண்டில் கொஞ்சம் நெளியத்தான் செய்யும், அதை நெளிய விட வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவருக்கு எந்தச் செட்டிங்கும் பிடிக்காது.

தார் ரோட்டில் வேகம் ஏறினால் ஹேண்டில் ஆடுகிறது

மெதுவான வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது "டக்" என்று அடித்து, அப்புறம் வேகத்தில் ஆடினால் கோன்செட் தளர்வு. மாறாக, மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் இடமும் வலமும் அலைந்தால் கோன்செட் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. இரண்டுமே கோன்செட்தான் என்றாலும் வைத்தியம் நேர் எதிரானது.

கோன்செட் சரி என்றால் ஸ்போக்ஸ். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமானது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மொட்டையாக ஒலிக்கும். புதிதாக மாட்டிய 21 இஞ்ச் சக்கரத்தில் முதல் சில ஓட்டத்தில் கம்பி தளர்வது சகஜம். ரிம் பெண்டு இருந்தால் ஃபோர்க்கில் ஒரு ஈர்க்கை டேப் போட்டு ஒட்டி, சக்கரத்தைச் சுற்றினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது டயர். மணலில் 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறினால் ஆடத்தான் செய்யும். கையடக்கப் பம்பும் அளவு மானியும் பையில் இருக்கட்டும், ரோடு ஏறுமுன் கம்பெனி சொன்ன அளவுக்கு ஏற்றிவிடுங்கள். பட்டன் டயர் (குமிழ் குமிழான மண் தட டயர்) தார் ரோட்டில் மெல்லிய நெளிவைக் கொடுக்கும். அது அந்த டயரின் குணம், கோளாறு இல்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் ஆடுகிறது, மண்டபம் திரும்பிவிட்டால் சரியாகிவிடுகிறது என்றால் ஷாக்கைத் தொடவே தொடாதீர்கள். அது காற்று. உயரத்தில் இருக்கும் முன் மட்கார்டு படகுப் பாய் மாதிரி காற்றைப் பிடித்து ஹேண்டிலை அசைக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைத்து, உடலைத் தாழ்த்தி, ஹேண்டிலை லேசாகப் பிடித்துப் போவதே வழி. ரோட்டில் அதிகம் ஓட்டுகிறவர் சக்கரத்தை ஒட்டிய தாழ்ந்த மட்கார்டுக்கு மாறலாம். ஆனால் உப்பளக் களியில் அது சேற்றை அடைத்துச் சக்கரத்தைப் பிடிக்கும்.

இவை எதுவும் இல்லை, எந்த ரோட்டிலும் 80-ஐத் தாண்டினால் ஆடுகிறது என்றால், மேலே சொன்ன உயரக் கணக்குக்குத் திரும்புங்கள். பின்பக்கம் அதிக உயரம், முன்பக்கம் தாழ்வு. அல்லது அதற்கு நேர் எதிர்: கேரியரில் பாரம் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்து, முன் சக்கரத்தில் எடையே இல்லாத நிலை. பாரத்தை இறக்கி ஓட்டிப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

வரி வரியான மேட்டில் பின்பக்கம் தூக்கி அடிக்கிறது

எந்த மேட்டில் அடிக்கிறது என்று எண்ணுங்கள். இதைக் கண்டுபிடிக்க அந்தக் கவனம் ஒன்றே போதும்.

முதல் மேட்டிலேயே சீட் எழும்பி முதுகில் அடித்தால் ரீபவுண்ட் தடுப்பு போதவில்லை. அமுங்கிய ஸ்பிரிங் கட்டுப்பாடில்லாமல் விரிகிறது. ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள். பெரும்பாலான ஷாக்கில் அந்த ஸ்க்ரூ கீழ் முனையில் இருக்கும்.

முதல் இரண்டு மேடு சுகமாகப் போய், மூன்றாவது நான்காவதில் கல் மாதிரி இறுகி அடித்தால் விஷயம் தலைகீழ். ரீபவுண்ட் தடுப்பு அதிகம். ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்ப வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் அசைவு குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமே மிச்சமில்லை. இங்கே ரீபவுண்டைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

வரி மேட்டில் ஒழுங்காக இருந்து, ரோட்டு விளிம்பு, வேர், கல் என்று ஒற்றைத் தடையில் மட்டும் அடித்தால் பின் கம்ப்ரஷன் அதிகம், அல்லது ப்ரீலோட் அதிகமாகி ஆள் இல்லாமல் உட்காரும் அளவே இல்லை.

இன்னொரு காரணத்தைப் பலர் பார்ப்பதில்லை: செயின். ஷாக் நீளமானால் ஸ்விங் ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும். அந்த நிலையில் செயினைப் பழைய அளவுக்கு இறுக்கினால், சக்கரம் மேலே ஏறும்போது செயின் விறைத்து அசைவை நிறுத்திவிடும். நடு அசைவில் பின்பக்கம் திடீரென்று முட்டுவது அதனால்தான். கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கும் பாழாகும். ஷாக்கைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை சக்கரத்தைத் தூக்குங்கள். செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடம் அதுதான். அங்கே கொஞ்சம் தளர்வு இருக்கும்படி வைத்து, பிறகு ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய வண்டிக்கு அந்த எண்தான் செல்லும், மேனுவலில் உள்ளது செல்லாது.

ஃபோர்க் அடிவரை போய் முட்டுகிறது

ஒரு பயணத்தில் எப்போதாவது ஒரு தடவை முட்டினால் நல்லது, முழு அசைவையும் பயன்படுத்துகிறீர்கள். ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையமோ கேபிள் டையோ கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் போனது என்று அது காட்டும்.

ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டினால் பலரும் ப்ரீலோட்டைக் கூட்டுகிறார்கள். அது வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், அடியில் முட்டுவதைப் பெரிதாகத் தடுக்காது. ஃபோர்க் ஆயிலின் மட்டத்தைக் கூட்டுவது சரியான வழி. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். 5 மி.மீ. ஆயிலை உயர்த்தினாலே உள்ளே காற்று இடம் சுருங்கி, கடைசி அசைவு மட்டும் கெட்டியாகும். தொடக்க அசைவின் மென்மை அப்படியே இருக்கும். இரண்டு காலிலும் ஒரே அளவு.

கிளிக்கர் இல்லாத கம்பெனி ஃபோர்க்கில் அடர்த்தியான ஆயில் ஊற்றச் சொல்வார்கள். 10 டபிள்யூ ஆயிலுக்குப் பதில் அதைவிட அடர்த்தியான 15 டபிள்யூ ஊற்றினால் அமுங்குவதும் விரிவதும் சேர்ந்தே மெதுவாகும். முட்டுவது நிற்கும், வரி மேட்டில் கை வலிக்கும். மட்டத்தை முதலில் முயன்று பாருங்கள்.

சின்ன மேடுகூடக் கையில் அடிக்கிறது

ஃபோர்க் குழாயில் கட்டிய ரப்பர் வளையம் பாதிகூட நகரவில்லை, கை மரத்துப் போகிறது. கம்ப்ரஷனைக் குறைப்பதற்கு முன் ஃபோர்க் கால்கள் ஒன்றோடொன்று இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பஞ்சர் பார்த்துச் சக்கரத்தை மாட்டியபின் இந்தக் கோளாறு வந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆக்சில் நட்டை இறுக்குங்கள். ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் கீழ் போல்ட்டுகளைத் தளர்வாகவே விடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தடவை பலமாக அமுக்குங்கள். கால் தானாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும். அதன் பிறகு கவ்வும் போல்ட்டை இறுக்குங்கள். கீழ் டீயின் போல்ட்டுகளை வேகத்தில் முறுக்கிவிட்டாலும் குழாய் நசுங்கி உள்ளே உரசும். டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவல் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

ஃபோர்க்கின் உச்சியில் காற்று திறக்கும் சின்ன ஸ்க்ரூ இருந்தால், முன் சக்கரம் தொங்கும் நிலையில் அதைத் திறந்து மூடுங்கள். வெயிலில் ஓடும்போது உள்ளே காற்று சேர்ந்து ஃபோர்க்கை விறைக்கச் செய்யும்.

டஸ்ட் சீலில் (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர்) மணல் சேர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான், கூடவே ஆயில் கசிவும் இருக்கும். டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, பழைய எக்ஸ்ரே பிலிமில் சின்னக் கொக்கி வெட்டி, ஆயில் சீலின் உதட்டுக்குள் ஒரு சுற்று விட்டு இழுங்கள். மணல் துகள் வெளியே வந்துவிட்டால் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு, மூன்று தடவைக்கு மேல் செய்தும் கசிந்தால் சீலை மாற்றுங்கள். ஆயில் பிரேக் டிஸ்க்கில் ஒழுகும்வரை காத்திருக்கக் கூடாது.

உப்பளக் களியில் முன் சக்கரம் வெளியே வழுக்குகிறது

மணலுக்கு நேர் எதிரான கோளாறு. மணலுக்காக முன்பக்கத்தை உயர்த்தியதன் விலை இது. இறுகிய தரையில் முன் சக்கரத்துக்கு எடை வேண்டும். ஃபோர்க் குழாயை 5 மி.மீ. மேலே ஏற்றுங்கள், முன் கம்ப்ரஷனை இரண்டு கிளிக் குறையுங்கள், டேங்க் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இரண்டு தரையிலும் மாறி மாறி ஓட்டுகிறவர் நடுவான அளவில் வைத்து, மீதியை உடல் எடையால் சமாளிப்பது நல்லது. ஒரு சாரல் பெய்தால் அந்தக் களியில் எந்த டயரும் நிற்காது, அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை.

ஓட ஓட பின்பக்கம் மிதக்கத் தொடங்குகிறது

கிளம்பும்போது நன்றாக இருந்து, மணலில் கொஞ்ச நேரம் ஓடியபின் படகு போல மிதந்தால் ஷாக் ஆயில் சூடேறி இளகிவிட்டது. ஆயில் மாற்றும் காலம் தாண்டியிருக்கும். ஆறியபின் திரும்பச் சரியாகிவிடும், அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளம்பும்போதே மிதந்தால், ஷாக் தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால், சீல் போய் உள்ளே உள்ள நைட்ரஜன் அழுத்தம் இறங்கிவிட்டது. அந்த வால்வை அழுத்திப் பார்க்கவோ சைக்கிள் பம்பால் காற்றடிக்கவோ வேண்டாம். ஷாக் திறந்து நைட்ரஜன் ஏற்றும் வசதி உள்ள பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஒரு பக்கம் இழுக்கிறது

விழுந்தபின் தொடங்கியதென்றால் ஃபோர்க் டீக்குள் முறுகியிருக்கும். டீ போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முட்டிக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை நேராக்கி இறுக்குங்கள். நேராகவில்லை என்றால் குழாயைக் கழற்றிச் சமமான கண்ணாடிப் பலகை மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் குதிக்கும். விழாமலேயே இழுத்தால் பின் சக்கரம் கோணலாக இருக்கும். செயின் அட்ஜஸ்டர் கோடுகளை நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளங்கள்.

உயர்த்தியபின் வரும் சில்லறைத் தொல்லைகள்

முன் சக்கரம் தொங்கும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்தால் நீளமானது போடும்வரை ஓட்டாதீர்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாய்ந்தால் ஸ்டாண்டின் அடியில் அகலமான தகடு பற்றவைப்பது மணலுக்கும் சேர்த்து உதவும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பொருந்தும் என்பதால், ரோட்டில் ஓட்டும் வண்டியில் எதை மாற்றுவது என்று முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்து எடுத்தால் இறுகிப்போகிறது

மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி தை மாதத்தில் எடுக்கும்போது கட்டை மாதிரி இருந்தால், லிங்கேஜ் போல்ட் உறைந்திருக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்தால் ஈரம் உள்ளேயே நின்று வேலையை இன்னும் மோசமாக்கியிருக்கும். போல்ட்டை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கி ஸ்விங் ஆர்மையே அறுக்க வேண்டிவரும். துரு இளக்கும் எண்ணெயை இரு முனையிலும் அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் நட்டை மரையின் முனைவரை திருப்பி வைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். அசைந்ததும் ஸ்பேனரால் இடவலமாகத் திருப்பித் திருப்பி வெளியே இழுங்கள். வெளியே வந்த போல்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள். ஊசி பேரிங்குகளில் ஒன்று துருப்பிடித்திருந்தாலும் அந்த லிங்கேஜில் உள்ள எல்லாவற்றையும் சீலோடு சேர்த்து ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.